பை முதலில் புறப்பட்டது

"மூணு நாள் தங்கலாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மலைக்குள் இருக்கும் அந்த ஊருக்கு இப்போது வேன் போகிறது. காலையில் போகிறவர்கள் ஆற்றில் குளித்து, படம் பிடித்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. மெதுவாகப் போக வேண்டுமாம், யாராவது ஒருவர் வீட்டில் தங்கி அவர்கள் சமைப்பதைச் சாப்பிட வேண்டுமாம், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் நடக்க வேண்டுமாம். நல்ல ஆசைதான். ஆனால் நான் பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்தவள். அதைவிட, இந்த ஊருக்கு இதே மாதிரி மூன்று நாள் பயணம் ஒன்றை எங்கள் வீட்டில் முன்பும் திட்டம் போட்டார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயசு.

திட்டம் போட்டவர் அப்பா. நாங்கள் வத்தேகமவில் டவுனுக்கு மேலே, வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா கண்டியில் ஓர் இரும்புக் கடையில் ஆணி, பிணைச்சல், பெயின்ட் விற்றுக்கொண்டிருந்தார். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கண்டிக்குப் போகும் வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். அதனால் அப்பா ஆறரைக்கு வர வேண்டியவர் ஏழு மணியாகியும் வராவிட்டால் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். நானும் பின்னாலேயே நடப்பேன். பயத்தை நான் பால் குடிக்கிற வயசிலேயே குடித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா என் கொப்பியின் நடுத்தாளை உருவி எடுத்து, தரையில் உட்கார்ந்து வழி வரைவார். மாதக்கணக்கில் வரைந்தார். ஒரு கோடு பாம்பு மாதிரி நெளிந்து மலையில் ஏறும். ஒரு கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். அங்கே கட்டம் கட்டமாக வயல், ஓர் ஆறு, பத்திருபது வீடு. கண்டி ராஜா காலத்திலிருந்தே மனுசர் இருக்கும் ஊர், இன்னமும் அதே வயலைத்தான் உழுகிறார்கள் என்பார். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டார். "உள்ளுக்கு" என்பார். உள்ளுக்குப் போகணும், உள்ளுக்குக் குளிர் ஜாஸ்தி, இப்படி.

"பஸ்ஸே கடைசி வரைக்கும் போகுதாமே, எதுக்குப் புள்ளைங்களை நடக்க விடுறீங்க?" என்று அம்மா கேட்பார்.

"நான் நடந்த வழியிலதான் போகணும்."

அப்பா எப்போது நடந்தார், யாரோடு நடந்தார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்கக் கூடாதவை என்று சில இருந்தன. யாரும் தடுத்ததில்லை, ஆனால் தெரியும்.

வரைகிற கை எப்போதும் ஓர் இடத்தில் நின்றுவிடும். மலை ஏறுவதற்கு முன் ஒரு சந்தி. அங்கே இறங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து, அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் அப்பா ஒரு வட்டம் போடுவார். அதன் மேலேயே இன்னொரு வட்டம், இன்னொன்று. பென்சில் தாளைக் கிழிக்கும்வரை போடுவார்.

"அந்தச் சந்தியில எறங்காமப் போக ஏலாதா?" என்று அம்மா மெதுவாகக் கேட்பார்.

"வேற ரோட்டு இல்ல."

அந்தச் சந்தியில் பேய் இருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவது பேய்க்கும் ஆமிக்கும்தான். ஆமி என்றால் அம்மா நேராகவே சொல்லியிருப்பார்.

இதெல்லாம் போதாதென்று மாமா வேறு. அம்மாவின் தம்பி. கண்டியில் ஒரு பேக்கரியில் பாண் போடும் வேலை. ஞாயிறு தோறும் மீந்த பணிஸ்களோடு வருவார், கூடவே எனக்கென்று ஒரு பயத்தையும் சுற்றிக் கொண்டுவருவார். முதலில் அட்டை. உள்ளுக்கு இருக்கும் அட்டை காதுக்குள் புகுந்தால் மூளை வரை போகுமாம். பிறகு சிறுத்தை. கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தம்பி அவருடைய செருப்பைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்ட அன்றைக்கு, சொன்னார்:

"அது என்னா ஊருன்னு தெரியுமா ஒனக்கு? ராஜா காலத்துல குத்தம் செஞ்சவங்கள அனுப்புற ஊரு. போனவன் ஒருத்தனும் திரும்பலையாம். இந்தப் பயல அங்க விட்டுட்டு வரத்தான் ஒங்கப்பா பிளான் போடுறாரு. மிளகு பறிக்கட்டும், அடங்கிருவான்."

தம்பிக்கு நாலு வயசு. அவன் சிரித்தான். "நான் மிளகு பறிப்பேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சும்மா இருடா, அவ ராவெல்லாம் தூங்க மாட்டா" என்று அம்மா மாமாவை அதட்டினார். பொய் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

பயணத்துக்கு நாள் குறித்தாயிற்று. திங்கட்கிழமை பௌர்ணமி, போயா லீவு, அதோடு சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள். வியாழக்கிழமை சாயந்தரம் அம்மா பெரிய நீலப் பையை அலுமாரியின் மேலிருந்து இறக்கினார். உள்ளே போனவற்றை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்வெட்டர்கள், அட்டைக்குப் பூசச் சவர்க்காரம், உப்புப் பொட்டலம், ஒரு டின் பிஸ்கட், கடைத்தாளில் சுற்றிய, ஆம்பிளைகள் கட்டும் புதுச் சாரம் ஒன்று, வெள்ளைச் சேலை ஒன்று. அதற்கு மேல் அப்பா ஒரு பிளாஸ்டிக் உறை வைத்தார். அதில் எங்கள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்களும், கிராம சேவகர் கொடுத்த கடிதமும் இருந்தன. வழியில் மறித்தால் காட்டத்தான். இன்றைக்கு அது தெரிகிறது. அன்றைக்கோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மட்டும் வெளியே வரும் தம்பியின் சான்றிதழ் எதற்குப் பயணம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அவர்கள் அடுப்படிக்குப் போனதும் பையின் அடியில் கையை விட்டேன். பழைய துண்டில் சுற்றி ஒரு சட்டை இருந்தது. பையன்கள் போடும் சட்டை. மஞ்சள் அடித்துப்போன முரட்டு வெள்ளைத் துணி, கையால் தைத்தது, நாலு பொத்தானும் நாலு விதம். அது எங்கள் வீட்டில் யாருடைய சட்டையும் இல்லை. தம்பியைக் கூப்பிட்டு வைத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. என் தோளில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் கணக்கு விளங்கியது. தம்பி என் வயசுக்கு வளர்ந்ததும் போடுவதற்கான சட்டை. அப்படியானால் அதுவரை அவன் அங்கேதான். ஐந்து வருஷம். சாரமும் சேலையும் அவனை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு. மாமா பகடி செய்யவில்லை. மாமா தெரியாமல் உண்மையைக் கொட்டிவிட்டார்.

சனிக்கிழமை கிழக்கே சூலம். நாங்கள் போக வேண்டியதோ கிழக்கே. அம்மாவின் உலகத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. முதல்நாள், வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில் பையை மட்டும் வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும். அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார். பிறகு நாங்கள் எந்த நேரத்திலும் புறப்படலாம், சூலம் எங்களைக் குத்தாது.

காலை ஆறு மணிக்கு, மூடுபனிக்குள், அப்பா பையைத் தோளில் போட்டு வலது காலை எடுத்து வைத்துத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பத்தடிதான். அடுத்த வீட்டு மாமி, தையல் மெஷின் வைத்துப் பிழைத்தவர், அலவத்துகொடையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு அவர் ராத்தா, அக்கா மாதிரி. ஊரில் அவருக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர்.

"யா அல்லா! பேக் பயணம் போய்ட்டு, மனிசர் இன்னம் ஊட்டுல ஈக்கிறாங்க!" என்றார். "ஏன் தங்கச்சி, பஸ்ஸுல இதுக்குத் தனியா டிக்கட் கேப்பானோ?"

அம்மாவே சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி விரலைக் காட்டினார். "மாமி வீட்டுல போயி அதையும் இதையும் நோண்டாத. வெளிய வச்ச பை திரும்பி வீட்டுக்குள்ள வந்தா பயணம் முறிஞ்சிரும். அதுக்கு மேல போனா உசிருக்கு ஆகாது."

அம்மா எனக்குக் கதவைப் பூட்டவில்லை. பயணத்தை நிறுத்தும் சாவியைக் கையில் கொடுத்தார்.

அன்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை இரண்டு தரம் எழுப்பி நிறுத்தினார். என் காதில் ஒன்றும் விழவில்லை. தம்பி தனியாக ஒரு மலையடிவாரத்தில் நிற்கிறான், பெரிய சட்டை முழங்காலில் இடிக்கிறது, எங்கள் பஸ் தூரத்தில் வளைகிறது. திரும்பத் திரும்ப அதேதான். இரண்டு மணிக்கு வீடு வந்தேன். அம்மா உடுப்பு துவைக்கத் தம்பியைக் கூட்டிக்கொண்டு, மலைத்தண்ணி விழும் பீலிக்கரைக்குப் போனார். நான் மாமி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து காத்திருந்தேன். எதற்கென்று எனக்குத் தெரியும்.

பின்னேரம் பாங்கு சொன்னது. மாமி மெஷினை நிறுத்திவிட்டு, கைகால் முகம் கழுவி வந்து, முன் அறையிலேயே பாயை விரித்தார். தொழும்போது மாமி பேச மாட்டார், திரும்ப மாட்டார். ஒரு தரம் அவர் தொழுதுகொண்டிருக்கும்போது பூனை கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. பார்த்தபடியேதான் நின்றார்.

பை மெஷினுக்குப் பக்கத்தில், அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. நான் உள்ளே போனேன். தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இழுத்தேன். சீமெந்துத் தரையில் அது போட்ட சத்தம் டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். மாமி குனிந்து நிமிர்ந்தார். அந்த நிமிரலில் அவர் கண் என்னைத் தொட்டுவிட்டு, மறுபடி பாயைப் பார்த்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்னைச் சபிக்கிறார் என்று நினைத்தேன். வாசற்படியில் பையை உருட்டி, பத்தடி இழுத்து, எங்கள் வீட்டு நிலையைத் தாண்டி உள்ளே தள்ளினேன். அப்படியே அதன் மேல் விழுந்து கிடந்தேன். பையிலிருந்து உப்பும் சவர்க்காரமும் மணத்தன.

திரும்பி வந்த அம்மா வாசலிலேயே ஈரத்துணி வாளியைப் போட்டுவிட்டார். "ஐயோ, முறிஞ்சி போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். என்னை உலுக்கினார். யார் சொல்லி எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் தம்பியை வேறு வழியில் கொண்டுபோய்விடுவார்கள். மாமி வருவார், நடந்ததைச் சொல்வார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே வாய் ஜாஸ்தியான மாமி அன்றைக்கு வாசலுக்குக்கூட வரவில்லை.

அப்பா ஏழு மணிக்கு வந்தார். நடு வீட்டில் பை. சுவரோரம் நான். அம்மா அழுத முகத்தோடு என்னைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்பா பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவளை ஒண்ணும் சொல்லாத. நான்தான் கொண்டாந்து வைக்கச் சொன்னேன்" என்றார். "கடையில லீவு இல்லன்னுட்டாங்க."

பொய். அப்பா என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த பொய். அம்மா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அப்பா கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒரு நீண்ட மூச்சு விட்டார். என்னைக் கிட்டே வரச் சொல்லி, தலையில் கையை வைத்தார். "நல்ல புள்ள" என்றார்.

அந்த மூன்று நாளும் நான் தம்பியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். என்னைவிடத் தைரியசாலி உலகத்தில் இல்லை.

நாலு மாதம் கழித்து ஒருநாள் அப்பா மத்தியானமே வீடு திரும்பினார். உள்ளுக்கிருந்து மிளகு கொண்டுவரும் ஆள் ஒருவர் கடைக்கு வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அம்மா விளக்கு மட்டும் ஏற்றினார். யார் செத்தது என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியாதவங்க" என்றார்.

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டுவிட்டு மாமியிடம் தையலுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அம்மா சொன்னார். தமிழர்களைத் தேடி அடித்த கலவரத்தின்போது, அந்தச் சந்தியில் அப்பாவின் அப்பா நடத்திய கடையை உள்ளே ஆள் இருக்கும்போதே கொளுத்திவிட்டார்கள். தாத்தா வெளியே வரவில்லை. அந்தக் கடைக்கு வழக்கமாக மிளகு கொண்டுவரும் சிங்கள மனுசர் ஒருவர் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இருட்டுக்கு முன் கணவாயைத் தாண்டி, உள்ளுக்கு நடந்து போனார். அவருடைய மனைவி அப்பாவை ஒரு மாதத்துக்கு மேல் தன் பிள்ளை என்று சொல்லி வைத்திருந்தார். போட்டிருந்த உடுப்பில் புகை மணம் போகவில்லை என்று, தன் சேலையைக் கிழித்து ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அப்பா அவரை அம்மே என்று கூப்பிட்டிருக்கிறார். அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயசு.

அந்த அம்மாதான், தனக்கு உடம்புக்கு முடியவில்லை, அந்தப் பையனுக்கு எத்தனை பிள்ளை என்று பார்க்க வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்று நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை முற்றம் பெருக்கி, பாதை தெரிகிற மாதிரி வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தாராம். ஞாயிறும் உட்கார்ந்தாராம். திங்களும்.

இதைக் கேட்ட பிறகு பல நாள் எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. அப்பாவிடம் நான் இதைப் பேசியதே இல்லை. பேச வாய் வரும், பிறகு அவருடைய அந்தப் பொய் நினைவுக்கு வரும். என்னைக் காப்பாற்றத்தானே சொன்னார், அதை நானே எப்படி அவிழ்ப்பது என்று விட்டுவிடுவேன்.

இப்போது நாங்கள் போகப் போகிறோம். அப்பாவையும் கூப்பிட்டேன். "நீங்க போயிட்டு வாங்க" என்றார். மறுநாள் காலை அந்தச் சட்டையை அதே துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எங்களுக்கும் சனிக்கிழமைதான் தோதாகிறது. அம்மா விடுவாரா? நேற்று வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்கு, பையைத் தூக்கிக்கொண்டு அதே பத்தடி நடந்து மாமி வீட்டுக்குப் போனேன். மாமிக்கு இப்போது கதிரையில் உட்கார்ந்துதான் தொழ முடியும். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"இந்தத் தரம் இழுத்துட்டு ஓட மாட்டியே?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். "நீங்க அன்னைக்குத் தடுத்திருக்கலாமே மாமி" என்றேன். இத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வி. "ஒரு சத்தம் போட்டிருந்தாப் போதும். நான் பயந்து போட்டுட்டு ஓடியிருப்பேன்."

மாமி கையை நீட்டிப் பையின் வாரைச் சரிசெய்தார்.

"தொழுகைய முறிச்சிருக்கலாம் புள்ள. அவசரம்னா முறிக்க ஏலும். நான்தான் முறிக்கல்ல" என்றார். "அண்டைக்கு ஒங்க அப்பா பேக்க வச்சிட்டுப் போனாரே, ஏழு மணி பஸ்ஸுக்குப் போறப்ப திரும்ப வந்தாரு. மெஷின் பக்கத்துல குந்தி, பேக்குல கைய வச்சிட்டு ஈந்தாரு. கை நடுங்கிச்சு. 'அந்தச் சந்தியில எனக்குக் கால் வைக்க ஏலாது ராத்தா. போக வேணாம்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் போதும்'னு சொன்னாரு. நான் என்னத்தச் சொல்ல? பேசாம ஈந்துட்டேன். பொறகு பின்னேரம் நீ வந்தாய்."

நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

ஒன்பது வயசில் நான் பையை இழுத்து வந்த அந்தச் சாயந்தரம், அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு விட்ட மூச்சு என் காதில் இன்னும் இருக்கிறது. என் தலையில் இருந்த கை லேசாக ஆடியது. கண்டியிலிருந்து நின்றுகொண்டே வந்த களைப்பு என்று நினைத்தேன். "நல்ல புள்ள" என்றபோது, தம்பியைக் காப்பாற்றியதற்காகத்தான் அப்பா என்னை மெச்சுகிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்கும் அவனைக் கொண்டுபோய் விட மனசில்லை போலிருக்கிறது, நல்ல வேளை நான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டே, அந்தக் கையை விலக்க மனமில்லாமல், அசையாமல் நின்றேன்.